ஒரு கண் மட்டும் வீங்கினால்: காரணம் இமையிலா, கண்ணுக்குப் பின்னாலா?

மஃரிப் தொழுகை முடிந்ததும் தண்ணீர் ஓதி வாங்குவதற்காகப் பள்ளிவாசல் வாசலில் நிற்பவர்களில், கண் வீங்கிய பிள்ளையோடு ஒருவராவது அடிக்கடி இருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி தன் ஏழு வயதுப் பேரனைக் கூட்டி வந்தார். "ஹஜ்ரத், கண்ணேறு பட்டிருக்கு. சளி பிடிச்சிருந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு நாளா இடது கண்ணைத் திறக்க மாட்டேங்குறான். கொஞ்சம் ஓதி ஊதி விடுங்க" என்றார். ஓதினேன். பிள்ளையின் நெற்றி கொதித்தது. தொழுகைக்கு வந்திருந்த மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் குனிந்து, "தம்பி, தலையை அசைக்காமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்" என்றார். இமையை மெல்ல விலக்கியபோது கண் அசையவில்லை. பிள்ளை வலி தாங்காமல் அழுதான். "காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அவரே ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

மூக்கையொட்டிய சைனஸில் பிடித்த சீழ் கண்ணுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஒரு வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பார்வைக்குக் குறை வரவில்லை. அன்று நான் ஓதியது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்வி எனக்குத் தெரியாமல் இருந்தது. அதன் பிறகு கண் வீங்கி வருபவர்களிடம் ஓதுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். வீட்டில் இருக்கும் உம்மாக்களும் அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கண்களும் சேர்ந்து வீங்கினால் காரணத்தைப் பெரும்பாலும் உடம்பில் தேட வேண்டும். சிறுநீரகக் கோளாறில் சிறுநீரோடு புரதம் வெளியேறும்போது காலையில் இரு இமைகளும் உப்பியிருக்கும். சாப்பிட்ட பொருளோ மாத்திரையோ ஒத்துக்கொள்ளாவிட்டாலும், தைராய்டு குறைந்தாலும் இரண்டு கண்களும் வீங்கும். ஒரு கண் மட்டும் வீங்கினால் காரணம் அந்தக் கண்ணிலோ அதையொட்டிய இடத்திலோதான் பெரும்பாலும் இருக்கும்.

வீக்கத்தின் அளவை வைத்து ஆபத்தை எடை போட முடியாது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அதன் அடியில் உள்ள திசு தளர்வானது என்பதால் கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் பணியாரம் போல உப்பிவிடும். இரவில் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தோமோ அந்தப் பக்கம் காலையில் கூடுதலாகத் தெரியும். கொசுக்கடி ஒன்றே கண்ணை முழுதாக மூடிவிடலாம். பார்வையைப் பறிக்கும் நோயோ தொடக்கத்தில் லேசான வீக்கமாகவே வரலாம்.

இமைக்குள் எலும்பு விளிம்பிலிருந்து இறங்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதை ஒரு வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு முன்னால் இருப்பது இமை. பின்னால் கண்குழி. விழியும், அதை அசைக்கும் தசைகளும், மூளைக்குப் பார்வையைக் கொண்டு போகும் நரம்பும் அங்கேதான் உள்ளன. முன்னால் உள்ள வீக்கம் தொல்லை தரும், ஆனால் பார்வையை அநேகமாகத் தொடாது. பின்னால் உள்ள வீக்கம் பார்வையைத் தொடும், கவனிக்காவிட்டால் மூளை வரை போகும். "மேலே பார், பக்கத்தில் பார்" என்று அந்த மருத்துவர் சொன்னது, வீக்கம் வேலிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இமையோடு நிற்பவை

இவற்றில் மிகச் சாதாரணமானது கண் கட்டி. இமை முடியின் வேரை ஒட்டிய சுரப்பியில் கிருமி பிடித்துச் சிவந்து வலிக்கும், நுனியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, சூட்டை முதலில் நம் மணிக்கட்டில் பார்த்துவிட்டு, மூடிய கண்ணின் மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். இதை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உடைந்து வடிந்துவிடும். பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் கிருமி உள்ளே பரவும்.

வலியில்லாமல், பட்டாணி போல உருண்டையாக, வாரக்கணக்கில் இமைக்குள் நிற்பது வேறு வகை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்வதால் வருவது. இதற்கும் ஒத்தடம்தான் முதல் வைத்தியம். கரையாவிட்டால் கண் மருத்துவர் இமையின் உள்பக்கமாகக் கீறி எடுத்துவிடுவார், வெளியே தழும்பு தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் இந்தக் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தால், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இதே வேடத்தில் வரும். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் அது அதிகம்.

மெட்ராஸ் ஐ பற்றித் தெரியாதவர் இருக்க மாட்டார். 1918-ல் சென்னையில் இனங்காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் போகும் என்பதால் முதல் நாளில் ஒரு கண் நோய் போலத் தெரியும். பெரும்பாலும் வைரஸால் வருவது, பார்ப்பதால் பரவாது, கையால் பரவும். ஒரே துவாலையில் முகம் துடைக்கும் வீடுகளிலும், ஒரே தலையணையில் பிள்ளைகள் மாறி மாறிப் படுக்கும் மதரஸா விடுதிகளிலும் ஏன் வரிசையாக எல்லோருக்கும் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மழைக்காலத்தில் டியூப் லைட்டைத் தேடி வரும் ஒரு சிறு வண்டு உண்டு. எறும்பு போல மெலிந்து, ஆரஞ்சும் கருப்புமாக இருக்கும். அது கடிப்பதில்லை. நாம் கழுத்திலோ முகத்திலோ தட்டி நசுக்கும்போது அதன் உடம்பில் இருக்கும் நஞ்சு தோலைப் புண்ணாக்குகிறது. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் மறுநாள் அந்தக் கண் மட்டும் வீங்கி எரியும். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவுங்கள். முடிச்சாயமும் நகச்சாயமும் கைவழியே இமைக்கு வந்து இதே போலத் தடிக்கச் செய்யும். பெருநாளைக்கு இரண்டு நாள் கழித்துக் கண் வீங்கினால், கைக்கு வைத்த 'கருப்பு மருதாணி' கோனையும் சந்தேகியுங்கள். அசல் மருதாணி கருப்பாகச் சிவக்காது, அதில் கலப்பது முடிச்சாய மருந்து.

வீக்கம் மூக்கையொட்டிய உள்முனையில் மட்டும் இருந்தால் அது கண்ணீர்ப் பை. கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் அடைத்து, தேங்கியதில் சீழ் வைக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு ஒரு கண்ணில் எப்போதும் நீரும் பீளையும் வந்தால் இதுதான் காரணமாக இருக்கும். கண் முனையிலிருந்து மூக்கை நோக்கி அழுத்தி நீவும் முறையை மருத்துவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தால் ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் திறந்துவிடும். பெரியவர்களில் இது பெண்களுக்கே அதிகம். கண்புரை அறுவைக்கு முன் ஆஸ்பத்திரியில் இந்தக் குழாயைச் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே சீழ் இருந்தால் அறுவை செய்த கண்ணுக்குள் போய்விடும்.

அக்கி

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் மக்கள் அதிகம் நாளைக் கடத்துகிறார்கள். சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பில் உறங்கிக் கிடக்கும். வயதானபோதோ எதிர்ப்புச் சக்தி குறைந்தபோதோ அது ஒரு நரம்பின் வழியே வெளியே வரும். நெற்றி நரம்பின் வழியே வந்தால், முதலில் ஓரிரு நாள் நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் சுரீர் என்று எரியும், தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொள்வார்கள். பிறகு கொப்புளம் வரும், அந்தப் பக்கத்து இமை வீங்கும். கொப்புளங்கள் நெற்றி நடுக்கோட்டைத் தாண்டாது. மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள்ளும் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம்.

நம் ஊர்களில் இதற்குக் காவியால் அக்கி எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நம்மவர்களும் போய் எழுதிக்கொண்டு வருகிறார்கள். மூன்று நாள் எழுத வேண்டும் என்பார்கள். வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் வகை மாத்திரைகளோ, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். அந்த 72 மணி நேரமும் இந்த மூன்று நாளும் ஒன்றே. கொப்புளம் தானாக உலர்ந்துவிடும் என்பது உண்மைதான், அதனால் எழுதியதில் குணமானதாகத் தெரியும். கருவிழியில் விழுந்த தழும்பும், மாதக்கணக்கில் தூங்கவிடாத நரம்பு வலியும் அப்படி உலர்ந்து போவதில்லை.

வேலிக்குப் பின்னால்

முதலில் சொன்ன பிள்ளையின் நோய் இங்கே வருகிறது. மூக்குப் பக்கத்துச் சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்துச் சைனஸில் சீழ் சேர்ந்தால் அதைத் தாண்டி வந்துவிடும். காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, விழி முன்னால் தள்ளி நிற்பது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, நிறங்கள் வெளிறித் தெரிவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயில் போடும் மாத்திரைக்கு இது அடங்காது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்றி, சிடி ஸ்கேன் எடுத்து, சீழ் கட்டியிருந்தால் வடிக்க வேண்டியும் வரலாம். வீங்கிய இமையை விலக்கி விழியைப் பார்க்காமல், "கண் கட்டிதான்" என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு கவலை. 2021 கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற பெயரை எல்லோரும் கேட்டோம். அது அந்த ஆண்டோடு முடிந்த நோயல்ல. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருப்பவருக்கு ஒரு பக்கக் கன்னத்தில் மரத்துப்போன உணர்வு, மூக்கில் கருப்பாக வடிவது, ஒரு கண் வீங்கி இமை தொங்குவது என்று எப்போதும் வரக்கூடியது. மணிக்கணக்கில் பரவும்.

பெரியவர்களுக்கு ஒரு விழி மெல்ல மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் முதலில் தைராய்டைப் பார்க்க வேண்டும். தைராய்டு நோய் இரு கண்களையும் தாக்கும் என்றாலும் ஒன்றில் முன்கூட்டியே தெரியும். புகை பிடிப்பவருக்கு மிகக் கடுமையாகும். குழந்தையின் ஒரு கண் சில நாட்களிலேயே வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தாலோ, கண்மணிக்குள் பூனைக் கண் போல வெள்ளை ஒளி தெரிந்தாலோ கட்டியா என்று பார்க்கத் தாமதிக்கக் கூடாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, இவை அரிதானவை. ஆனால் சீக்கிரம் பார்த்தால் உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாற்றக் கூடியவை.

இனி, நம்மவர்கள் கேட்டால் திடுக்கிடும் ஒரு காரணம். சிறுவர் ஒருவருக்கு ஒரு கண் வீங்கி, ஒரு பக்கம் பார்க்கும்போது வலித்து, ஸ்கேன் எடுத்தால் கண் தசைக்குள் ஒரு சிறு நீர்க்கட்டி, அதற்குள் ஒரு புள்ளி. நாடாப்புழுவின் இளம்பருவம் என்பார் மருத்துவர். அந்தப் புழு பன்றியோடு தொடர்புடையது என்றும் சொல்வார். "நாங்கள் முஸ்லிம்கள், அந்த இறைச்சியைத் தொட்டதே இல்லையே" என்று குடும்பமே பதறும். சிலர் பிள்ளை வெளியில் எதையோ சாப்பிட்டுவிட்டதாக அவனை அடிக்கவும் செய்வார்கள். பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை ஒட்டிய கீரையையோ கொத்தமல்லித் தழையையோ, கலந்த தண்ணீரையோ, கழுவாத கையால் ஒருவர் பரிமாறிய உணவையோ நாம் சாப்பிட்டால், அது நம் உடம்பில் பொரித்து இரத்தத்தின் வழியே கண் தசைக்கும் மூளைக்கும் போகும். அதாவது கண்ணில் வரும் இந்த நோய் இறைச்சியால் வருவதில்லை, மனித மலத்தால் வருகிறது. முழுச் சைவர்களுக்கும் வருகிறது. பச்சையாகச் சாப்பிடும் தழைகளை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதும், மலம் கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுமே இதற்குக் காப்பு. தசையில் உள்ள கட்டியை மாத்திரையாலேயே கரைக்க முடியும். ஆனால் புழு சாகும்போது வீக்கம் கூடும் என்பதால், விழிக்குள்ளும் மூளையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மருத்துவர் தொடங்குவார். மெடிக்கலில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

அடியும் சுண்ணாம்பும்

கிரிக்கெட் பந்து பட்டுக் கண் கறுத்து வீங்கினால் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும் என்று இருந்துவிடுவோம். மூக்கைச் சிந்தியதும் வீக்கம் திடீரென்று பெருத்தால் கண்குழி எலும்பு உடைந்து காற்று ஏறுகிறது என்று பொருள். அப்போது மூக்கைச் சிந்தக் கூடாது. அடிபட்ட பிள்ளை மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுத்தால், வெளிவீக்கம் குறைவாக இருந்தாலும், உடைந்த எலும்பில் கண் தசை சிக்கியிருக்கக் கூடும். அதை உடனே விடுவிக்க வேண்டும்.

வெற்றிலை போடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளை அமுக்கி விளையாடி, அது பீய்ச்சிக் கண்ணில் அடிப்பது நடக்கிற சம்பவம். காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணைத் துளைக்கும். வண்டி தேடுவதற்கு முன் குழாயைத் திறந்து, இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு கிளம்புங்கள். இந்த இருபது நிமிடத்தைத் தவறவிட்டால் பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் ஈடு செய்ய முடியாது. எருக்கம்பால் பட்டாலும் இதே போலக் கழுவ வேண்டும். எருக்கம்பால் கண்ணை மரத்துப் போகச் செய்வதால் வலி தெரியாது, பார்வை மட்டும் புகைமூட்டமாகும். வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

கண்ணில் நாமே விடுபவை

தாய்ப்பால், நாமக்கட்டி, விளக்கெண்ணெய் எதையும் வீங்கிய கண்ணில் விட வேண்டாம். சுர்மாவைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இஸ்மித் என்ற அஞ்சனக் கல்லை நபி (ஸல்) அவர்கள் இட்டதாக ஹதீஸ்களில் வருகிறது. ஆனால் இன்று கடையில் சுர்மா என்ற பெயரில் விற்கும் பலவற்றில் இருப்பது ஈயத் தாது. குழந்தையின் உடம்பில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுன்னத்தான பொருள் வேறு, அந்தப் பெயரில் விற்கும் பொருள் வேறு என்று பிரித்துப் பார்ப்பது மார்க்கத்துக்கு மாறானதல்ல. வீக்கம் இருக்கும்போது எந்த மையும் வேண்டாம். ஒரே குச்சியைப் பலர் பயன்படுத்துவதும் வேண்டாம்.

மெடிக்கலில் "கண்ணுக்கு ஒரு டிராப்ஸ் கொடுங்க" என்று வாங்குவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் சிவப்பு குறையும், நல்ல மருந்து என்று தோன்றும். நெல் உமி பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவருக்கு அதே சொட்டு மருந்து புண்ணை வளர்த்துவிடும். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

மருத்துவரிடம் போகும்போது எப்போது தொடங்கியது, அதற்கு முன் சளியோ பல்வலியோ அடியோ இருந்ததா, என்ன மருந்து விட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். விட்ட சொட்டு மருந்தின் பாட்டிலையே எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கொண்டு போனால், விழி தள்ளியிருக்கிறதா, எவ்வளவு நாளாக என்று ஒப்பிட உதவும்.

கடைசியாக, சிகிச்சையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் இரண்டு மஸ்அலாக்கள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் உளூ எப்படி? கண்ணின் உள்பகுதியைக் கழுவுவது உளூவில் எப்போதுமே கடமையில்லை. இமையையும் நனைக்க முடியாத நிலையில், ஷாஃபிஈ மத்ஹபில் மற்ற பகுதிகளைக் கழுவிவிட்டு அந்தப் பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும், கட்டுப் போட்டிருந்தால் அதன் மேல் ஈரக் கையால் தடவவும் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கட்டின் மேல் தடவினால் போதும், தடவுவதும் கேடு தரும் என்றால் அதுவும் நீங்கிவிடும். ரமளானில் இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விடச் சொன்னால்? இரண்டு மத்ஹபுகளிலும் கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது, அதன் கசப்பு தொண்டையில் தெரிந்தாலும் சரியே. நோன்பு முடியட்டும் என்று பகல் முழுவதும் மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள்.